ஆசனத்தில் ஒரு லேஞ்சி

விடிய மூன்றேகாலுக்கு
கிராண்ட்பாசிலிருந்து கொண்டுவந்தார்கள் இம்தியாசை.
கொள்கலன் லொறி ஓட்டுபவன். முப்பத்திரண்டு வயது.
நெஞ்சு நிமிடத்துக்கு நூற்றித் தொண்ணூறு.
சட்டைக்குக் கீழே
அறைக்குள் அகப்பட்ட காகம் போல் ஏதோ
சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

"என்ன குடிச்சீங்க?"
"கோப்பி மட்டும்தான், மிஸ்ஸி.
துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு நாள் கியூ.
கண்ண மூடினா பின்னால நிக்கிறவன் முந்திருவான்."
"எத்தனை?"
விரல்களை மடக்கத் தொடங்கினான்.
ஒரு கை போதவில்லை.

டொக்டர் நிலூஷா உதட்டைக் கடித்தாள்.
"ஆறு காணாது" என்றாள் சிங்களத்தில்.
"பன்னிரண்டு எடுங்க."

நான் உடைத்த சின்னக் குப்பியின் பெயர் அடினோசின்.
எங்கள் எல்லாருக்குள்ளும் ஊறுவதுதான்.
பகல் முழுக்க மூளை எரிக்கும் விறகின் சாம்பல்:
யோசித்தது, கோபப்பட்டது, பஸ்சுக்கு ஓடியது,
ஒருவனின் பெயரை மறக்க முயன்றது
எல்லாம் எரிந்து
நரம்புகளுக்கு இடையில் படியும்.
படியப் படிய
ஒவ்வொரு விளக்காய் அணைத்து,
போதும், கடையைப் பூட்டு என்னும்.
ஆனால் அதற்கென்று ஆசனங்கள் உண்டு.
வந்து அமர்ந்தால்தான் அதன் சொல் செல்லும்.

கோப்பி செய்வது என்னவென்று
எனக்கு விளங்கியது புத்தகத்தில் அல்ல,
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில்.
யன்னலால் கைவிட்டு
ஆசனத்தில் லேஞ்சியைப் போட்டுவிட்டு
ஏறாமல் கீழே நிற்பான் ஒருத்தன்.
ஆசனம் வெறுமை. ஆனால் அமர முடியாது.
களைத்தவர்கள் கம்பியைப் பிடித்தபடி
நெருக்கி நெருக்கி நிற்பார்கள்.
ஒருவரும் இறங்கிப் போகவில்லை.
அலுப்பும் அப்படித்தான்.
நிற்கிறது, அவ்வளவுதான்.

இம்தியாசின் கையை உயர்த்திப் பிடித்தேன்.
மருந்து, பின்னாலேயே உப்புநீர், ஒரே தள்ளு.
திரையில் கோடு படுத்தது.
ஒன்று.
இரண்டு.
தாழ்வாரத்தில் யாரோ போனில் சிரித்தார்கள்.
மூன்று.
நான்கு.
பிறகு ஒரு துடிப்பு,
பிந்தி வந்து கையெழுத்திடும் ஊழியனைப் போல.
பிறகு எழுபத்தெட்டு.

"மௌத்தாகிட்டன் எண்டு நெனச்சன், மிஸ்ஸி."
"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."
"என்ன மருந்து அது?"
உங்களுக்கு நித்திரை கொண்டுவாறதும் அதுதான் என்றேன்.
நம்பவில்லை.

பதினோராம் கட்டிலில் பெனடிக்ற் விழித்திருந்தார்.
புதுக்கடை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர்.
முப்பது வருடம்
பிறர் பொய்களைப் பிசகாமல் எழுதிய வலது கை
இப்போது போர்வையில்
தன்பாட்டில் எதையோ எழுதுகிறது.
"கோப்பி குடிக்கிறவைக்குப் பார்க்கின்சன் குறைவாம்.
பேப்பரில கிடந்தது.
நான் நாளுக்கு அஞ்சு குடிச்சனான், தங்கச்சி.
ஆருக்கு எதிரா வழக்குப் போடுறது?"

குறைவு என்பது இல்லை என்பதல்ல.
ஆயிரம் பேரைப் பற்றிச் சொன்ன கணக்கு
அந்த ஆயிரத்தில் ஒருவரின் கையைப் பிடிப்பதில்லை.
இதை நான் சொல்லவில்லை.
தண்ணீர்க் கோப்பையை நீட்டினேன்.
விளிம்பு பல்லில் தட்டாமல்
நானே பிடித்துக்கொண்டேன்.

எட்டு மணி. கொட்டாஞ்சேனை.
திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
குப்பியில் இருந்தது
இரத்தத்தில் பத்து விநாடி நின்றாலே பெரிது.
நான் மூன்று மணிக்குக் குடித்த பிளேன்டீயிலோ
பாதி இன்னும் உள்ளே.
கீழ்வீட்டில் தேங்காய் துருவும் சத்தம்.
மீன்காரன்.
சந்தியில் ஒரு பஸ் உறுமியபடி நிற்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன்:
ஆற்ற லேஞ்சி இது?
எடுங்கோ, ஆக்கள் இருக்கட்டும்.

பதில் இல்லை.
பின்கதவால்
இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.